கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம்

எங்கள் மார்மன் கிறிஸ்தவ சபையில், வீடு வீடாகப் போய் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போகிறவனுக்கு எல்டர் என்று பட்டம். மூத்தவர் என்று பொருள். மீசை ஒழுங்காக முளைக்காதவனும் எல்டர்தான். இரண்டு வருடம், அயல்நாடு, வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை, கூடவே ஜோடி என்று இன்னொரு எல்டர். ஜோடியைத் தனியே விடக்கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் அவன் இருந்தாக வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு.

நான் ஊர் திரும்ப ஒரு மாதம் இருக்கையில் புது ஜோடி ஒருவன் வந்து சேர்ந்தான். இருவருக்கும் ஒரே மொழி, ஒத்துப்போகும் என்று எங்கள் ஊழியத் தலைவர் நினைத்திருக்க வேண்டும். அவனோ வாயைத் திறப்பதே அபூர்வம். வந்த நாளிலிருந்து பெட்டியையும் காலி செய்யவில்லை. சட்டை வேண்டுமென்றால் ஜிப்பை இழுப்பான், ஒன்றை உருவுவான், மறுபடி மூடிவிடுவான். அதனால் மனதுக்குள் அவனுக்குப் பெட்டி என்றே பெயர் வைத்தேன். காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். அந்த உத்தி எனக்குப் புதிதல்ல.

ஒருநாள் காலை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியோடு வாசலில் நின்றான்.

"நான் வீட்டுக்குப் போறேன், எல்டர். மாமா டிக்கெட் போட்டுட்டாரு."

"தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா பேசிப் பேசியே உட்கார வச்சிடுவாரு."

சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டான். பாதியில் திரும்புகிறவனை ஊரில் யாரும் திட்டமாட்டார்கள். உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுடைய அப்பா சபையில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். இதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்து, சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். எரிச்சலாக இருந்தது. ஓடுகிறவனைத் தடுத்து நிறுத்து என்று விதி சொல்லவில்லை, தனியே விடாதே என்றுதான் சொல்கிறது. போதாக்குறைக்கு அவன் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றிருந்தது. ஒரு பக்கத்தை நான் தூக்க வேண்டியதாயிற்று. எங்களைக் கண்டாலே கதவைச் சாத்தும் கண்ணாடிக் கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் முதல்முறையாகச் சிரித்துக் கையசைத்தார்.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றோம்.

"நீங்க எதுக்கு எல்டர் வர்றீங்க?"

"உன்னைத் தனியா விடக்கூடாதே. நீ ஏறினா நானும் ஏறணும்."

"ரெண்டு பேரும் ஓடிட்டாங்கன்னுதானே பேசுவாங்க?"

"பேசட்டும்."

பெட்டியை ஷூ நுனியால் தட்டினான். "நீங்க எப்பவாவது போயிடணும்னு நினைச்சிருக்கீங்களா?"

சட்டென்று பொய் வாயில் வரவில்லை. "தினமும்."

"பின்ன ஏன் போகல?"

"தனியா போகக்கூடாதே. கூட இருந்த எவனும் கிளம்பல."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

பஸ் வந்தது, கதவு திறந்தது. டிரைவர் சீக்கிரம் என்று கையை ஆட்டினார். பெட்டியை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டான். அவன் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். அவனுக்கு முன்பாகவே என் கால் படியில் இருந்தது.

"அண்ணா," என்றான். அதுவரை எல்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். "நிஜமாவே போகணுமா உங்களுக்கு?"

என் கால் இறங்க மறுத்தது. அவனாக என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"ஒரு மாசம்தானேண்ணா. இவ்வளவு நாள் இருந்துட்டு இப்பப் போய் கெடுத்துக்காதீங்க. நான் இருக்கேன்."

கதவு மூடியது, பஸ் போய்விட்டது. நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த பஸ் போய்விட்டதே என்றுதான் இருந்தது. பெட்டிமேல் உட்கார்ந்தேன். டையும் பெயர்ப்பட்டையுமாக, மறைக்க ஒரு குழாய்ச் சத்தம்கூட இல்லாமல் நடுரோட்டில் அழுதேன்.

அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனால் ஓர் அடிகூடத் தள்ளிப் போகவில்லை.