வாளிக்கு ஒரு விளக்கவுரை

தமிழின் ழகரத்துக்கு விலையே கிடையாது என்று மேடையில் பேசுகிறார்கள். உண்டு. மாதம் முப்பத்தோராயிரத்து நானூறு, பிடித்தம் போக. என் தங்கை வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் அது.

அவள் ஒரு வாரிய அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகத் தட்டச்சர். வாரியத்துக்குத் தலைவராக ஆளுங்கட்சிக்காரர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று தெரிந்ததும், ஊழியர்கள் சார்பில் வாசலில் ஒரு பேனர் வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. 'எங்கள் தலைவர் வாழி'. மூன்றே சொல். தங்கைதான் அடித்து அச்சுக்கு அனுப்பினாள். பன்னிரண்டடி அகலத்தில் 'எங்கள் தலைவர் வாளி' என்று வந்து நின்றது. தலைவரும் அதன் கீழே நின்று, இரண்டு கையையும் கூப்பி, படம் எடுத்துக்கொண்டார்.

படம் வெளியே போன அன்று சாயங்காலத்துக்குள் அவர் கழுத்துக்கு மேலே யாரோ நீல வாளி ஒன்றை வைத்துவிட்டார்கள். மறுநாள், 'நிமிர்த்தினால் நிரப்பலாம், கவிழ்த்தால் உட்காரலாம்'. அதற்கு மறுநாள், 'கைப்பிடி வளைந்தாலும் கொள்கை வளையாது'. ஒரு வாரத்தில் எழுத்தே போய்விட்டது. வெறும் வாளி. கறுப்புக் கண்ணாடி போட்ட வாளி. நிலவில் நிற்கிற வாளி. வாளிக்குப் பக்கத்தில் ஒரு குவளை, கூட்டணியாம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே ஊர் சிரித்தது. நான் ஹார்டுவேர் கடைக்காரன். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதம் நீல வாளி மட்டும் நானூறு விற்றேன்.

இதோடு நின்றிருந்தால் தங்கைக்கு ஒரு மெமோ, அதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் என்று முடிந்திருக்கும். ஐயா, கை தவறிவிட்டது. கை தவறியவர்களுக்கு ஒரு வருடம் ஊதிய உயர்வு கிடையாது, அவ்வளவுதான். அவர்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார்.

தங்கையின் கணவர் கல்லூரியில் கோட்பாடு நடத்துகிறவர். என்ன கோட்பாடு என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டு, கடை திறக்கத் தாமதமானது. மணி என்ன என்றால், காலத்தை முதலில் யார் கட்டமைத்தார்கள் என்று தொடங்குவார். பஸ் போய்விடும். அவர் கண்ணுக்கு வாளி வந்து சேர்ந்தபோது, அது எந்த அலுவலக வாசல் என்பதெல்லாம் வெட்டுப்பட்டு, படமும் மூன்று சொல்லும்தான் மிஞ்சியிருந்தன. உடனே ஒரு பத்திரிகையில் பதினாலு பக்கம் எழுதினார்: 'வாளி: ஒரு வெற்றுக் குறிப்பானின் அரசியல்'.

வாளி காலியானது, அதிகாரமும் காலியானது, அதனால்தான் எதை ஊற்றினாலும் கொள்கிறது என்று ஆரம்பித்திருந்தார். அதுவரைக்கும் எனக்கே பிடித்திருந்தது. பிறகு இப்படி: 'பிழை என்று ஒன்று கிடையாது. அடக்கப்பட்ட சொல் வாய் திறக்கும் இடத்துக்குத்தான் பிழை என்று பெயர். தான் எழுதுவது இன்னதென்று அறியாத ஒரு பெயரற்ற கை, தன் நனவிலியில் ஆட்சியைக் கவிழ்த்திருக்கிறது.'

அன்று காலை அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தது அந்தப் பெயரற்ற கைதான். அவருக்குத் தெரியாது. மனைவி ஆபீசில் 'கம்ப்யூட்டர் பார்க்கிறாள்' என்பதற்கு மேல் பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளும் வெட்கத்தில் சொல்லவில்லை.

கட்டுரையை எதிர்க்கட்சிக்காரர்கள் மேடையில் வாசித்தார்கள். பத்தாம் நாள் தங்கைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அதில் 'பிழை' என்ற சொல்லே இல்லை. 'உள்நோக்கம்' என்று இருந்தது. உள்நோக்கத்துக்குத் தண்டனை பணிநீக்கம். சான்று ஒன்று, பேனர். சான்று இரண்டு, படம். சான்று மூன்று, மாப்பிள்ளையின் பதினாலு பக்கம். அந்தக் கை யாருடையது என்று அவருக்கு அதைப் படித்துத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் குறிப்பாணை விரித்துக் கிடந்தது. அதன் மேல் மாப்பிள்ளையின் காபி டம்ளர்.

"பிழைதான்னு நீங்க எழுதிக் கொடுங்க. ஒரு பக்கம் போதும்" என்றாள் தங்கை.

"கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்றியா?"

"என் வேலையை வாபஸ் வாங்கப் போறாங்க."

"நீ புரிஞ்சுக்கல. உன்னை நான் எங்கேயும் குத்தம் சொல்லல. கொண்டாடியிருக்கேன்."

"என்னையா? கைன்னுதானே போட்டிருக்கீங்க. கைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருப்பாளேன்னு பதினாலு பக்கத்துல ஒரு இடத்துல கூடத் தோணலையா?"

"எழுத்து வெளியே வந்துட்டா, எழுதினவங்க என்ன நினைச்சாங்கங்கிறதுக்கு மதிப்பில்ல. அது கோட்பாடு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மாப்பிள்ளை, சரக்கு வாசலைத் தாண்டிட்டா பொறுப்பில்லன்னு எங்க கடையில போர்டு மாட்டியிருக்கோம். அதுக்குப் பேர் கோட்பாடுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சு."

"மச்சான், எல்லாத்தையும் சரக்காப் பார்க்காதீங்க."

"சரி, பார்க்கல. அந்தக் கட்டுரையால உங்களுக்கு என்ன வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

சொல்ல மனமில்லாமல் சொன்னார். புத்தகம் வருகிறது. முதல் இயலே வாளிதான். அதை வைத்து ஒரு கருத்தரங்கில் தலைமை உரை. அதை வைத்துப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல்.

"அதாவது, பெண்டாட்டி வெளியே நின்னாலும் முதல் இயல் உள்ளே இருக்கணும்."

"கொச்சைப்படுத்தாதீங்க!"

"வாளிக்குள்ள தலையை விட்டுப் பதினாலு பக்கம் பேசினவர் நீங்க. கொச்சைப்படுத்தறது நானா?"

அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். தங்கை அழவில்லை. கதவுக்கு வெளியே நின்று, கடையில் கடன் கேட்டு வந்தவனிடம் நான் பேசுகிற குரலில் சொன்னாள்: "ஒரே ஒரு வரி. 'கட்டுரை என் ஊகம், பேனரில் இருந்தது எழுத்துப் பிழை.' நானே அடிச்சுத் தரேன். விசாரணையில வாசிச்சா போதும். வாசிக்கலைன்னா இந்தக் கதவை நீங்க திறக்கவே வேணாம்."

மதியம் சாப்பாட்டு வாசனைக்குக் கதவு திறந்தது. அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார்.

விசாரணை அறை, அறை என்று சொல்ல முடியாது. பழைய கோப்புகளுக்கு நடுவே ஒதுக்கிய இடம். காற்றாடி சுற்றினால் தாள் பறக்கும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தவர். கெட்டவர் இல்லை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற முகம். உறவினர் ஒருவர் உடன் இருக்கலாம் என்பதால் நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

"சார், 'பிழை என்று ஒன்று கிடையாது'. இது நீங்க எழுதினதுதானா?"

மாப்பிள்ளை சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டார். "எழுதினது நான்தான். ஆனா..."

தங்கை முன்னால் சாய்ந்தாள்.

"...அதைக் கொஞ்சம் விளக்கணும்."

போச்சு.

நாற்பது நிமிடம். தாள் பையை விட்டு வரவேயில்லை. அதிகாரி பாவம், முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்தார், அப்புறம் நிஜமாகவே கேட்க ஆரம்பித்துவிட்டார். அதுதான் ஆபத்து.

"நனவிலின்னா?"

"ஒருத்தருக்கே தெரியாம அவங்க மனசுக்குள்ள இருக்கிறது."

"அப்ப இந்த அம்மா மனசுல தலைவர் மேல எதிர்ப்பு இருந்திருக்கு."

"அவங்க மனசுல மட்டுமில்ல. இந்தச் சமூகத்தோட மொத்த..."

"சமூகத்துக்கு என்னால மெமோ கொடுக்க முடியாது சார். இவங்க மனசுல இருந்ததா, இல்லையா?"

மாப்பிள்ளை மேல்கூரையைப் பார்த்தார். வகுப்பில் நல்ல கேள்வி வந்தால் அப்படித்தான் பார்ப்பார் போல. "இருந்திருக்கும். ஆனா அது அவங்களுக்குத் தெரியாது."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு தங்கையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கே தெரியாமத்தான் அடிச்சீங்களா?"

ஒரு மணி நேரம் பேரம் பேசி, எங்கள் கடைச் சாமான் எல்லாவற்றையும் இறக்க வைத்து, வாங்காமல் இறங்கிப் போகிறவரை எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்படிக் கணவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் அடிச்சேன்."

பேனா நின்றது. "என்னம்மா?"

"எழுதிக்குங்க சார். தெரிஞ்சே, யோசிச்சே, வேணும்னே அடிச்சேன். அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சரியும் பார்த்தேன். நனவிலியும் இல்ல, கினவிலியும் இல்ல. பெயரில்லாத கையும் இல்ல. என் பெயர், பணி எண் ரெண்டும் உங்க கோப்புல முதல் பக்கத்துல இருக்கு."

மாப்பிள்ளை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, அப்படிச் சொல்லாதே! வேணும்னே பண்ணினதா இருந்தா என் வாதமே..."

"விழுந்துடும்ல?" என்றாள். "விழட்டும்."

பெயரை முழுசாக எழுதி, கீழே பணி எண்ணும் போட்டுக் கொடுத்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். மாப்பிள்ளை நாலு படி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"நிஜமாவே வேணும்னேவா?"

அவள் கைப்பிடிச் சுவரில் விரல்களை விரித்து வைத்தாள். "எங்க கீபோர்டுல ள மேல் வரிசை. ஆட்காட்டி விரல். ழ கீழ் வரிசையில கடைசி. சுண்டு விரல். பத்தொன்பது வருஷம் அடிச்ச கை இவ்வளவு தூரம் வழுக்குமா அண்ணா?"

"அப்ப வேணும்னேதான்."

"அதான் எனக்கே தெரியல." குரலைத் தாழ்த்தினாள். "அடிச்சது ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை படிச்சதும் ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவையும் சரியாத்தான் தெரிஞ்சுது. இவர் எழுதினது உண்மையா இருக்குமோன்னு பயமா இருக்கு. தயவுசெஞ்சு அவர்கிட்டச் சொல்லித் தொலைக்காதீங்க."

சொல்லவில்லை. இன்றுவரை.

மூன்று வாரத்தில் பணிநீக்க உத்தரவு வந்தது. அவளுடைய வாக்குமூலம் அதற்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஆகாத ஒரு சக ஆசிரியர் அதே பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார்: 'கையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' ஒரே வரி. பதிப்பாளர் முதல் இயலை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் மிச்சம் நிற்கவில்லை. தலைமை உரை அந்த ஒற்றை வரிக்காரருக்குப் போனது.

தலைவர் ஜெயித்துவிட்டார். அது வேறு விஷயம்.

தங்கையின் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. வாரியத்திலிருந்து வைப்புநிதி: வந்துவிட்டது. பணிக்கொடை: வழக்கில் இருக்கிறது. மாப்பிள்ளையிடமிருந்து வரவேண்டியது ஒரு மன்னிப்பு. அவர் மன்னிப்பு என்கிற சொல்லாடலின் சாத்தியமின்மை பற்றிப் பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அவள் எடைபோட்டுப் பார்ப்பதுபோலக் கையில் வாங்கி, வரவில் வைக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நிலுவை: ஒன்று.