நாற்பத்தேழு மைக்ரோ

மின்பலகைப் பட்டறையின் சோதனை அறையில் அக்காவுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்த மேஜை. தங்கை தனியாக இருக்க வாடகை வீடு பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டாள் என்று முந்தின நாள் தெரிந்ததிலிருந்து அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கெப்பாசிட்டர் அளவுகளை மதியத்துக்குள் கீழ்த்தளத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மைக்ரோ, நானோ என்றுதான் படிப்பார்கள். பத்தின் அடுக்கு மூன்றின் மடங்காக இருந்தாக வேண்டும். எக்செல்லோ நாற்பத்தேழு மைக்ரோவை 4.7E-05 என்றே காட்டி அடம்பிடித்தது. எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து காலை ஆட்டிக்கொண்டே எதையெதையோ தட்டிப் பார்த்தாள். அக்காவுக்கு இது கைவந்த வேலை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

கடைசியில் வீம்பை விட்டுவிட்டு, "அக்கா, இது மைக்ரோவுல வரமாட்டேங்குது," என்றாள்.

அக்கா திரும்பாமலே சொன்னாள். "செல் ஃபார்மேட்ல கஸ்டம்னு இருக்கும், அதுல போய் ரெண்டு ஹேஷ் குறி, சைபர், புள்ளி, சைபர், அப்புறம் E+0 போடு."

47.0E-6 என்று, அடுக்கு ஆறாகி, மைக்ரோவிலேயே வந்து நின்றது.

"வந்துடுச்சுக்கா."

"அந்த வீட்டுல தண்ணி ஒழுங்கா வருதா?"

"பார்க்கல."

"பார்க்காமலா சாவி வாங்கின? சாயங்காலம் நானும் வரேன்."

தங்கை அட்டவணையை அனுப்பினாள். ஆனாலும் கால் ஆட்டம் நிற்கவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டு அக்கா என்னென்ன குறை சொல்லப்போகிறாளோ.