அக்கா நின்ற மூலை

எங்கள் ஊர் உள்விளையாட்டு அரங்கில் ஷட்டில் கோர்ட் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் ஆயிரம் சட்டம். நான்கு பேர் வந்தால்தான் கோர்ட். ஒரு தலை குறைந்தாலும் நம் நேரம் அடுத்த கோஷ்டிக்குப் போய்விடும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் எங்களுடையது. மருந்துக்கடைக்காரி, டீச்சர், அக்கா, தையல்காரியான நான். வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

போன மாதம் அக்கா மாரடைப்பில் போய்விட்டாள்.

"துக்கம்னு இத்தனை நாள் விட்டேம்மா. இந்த ஞாயிறும் மூணு பேர்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் மேனேஜர். தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சினோம். ஒருத்தியும் மசியவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாக அக்கா வீட்டுக்காரரிடமே போய் நின்றேன். அந்த மனுஷனைக் கண்டாலே எனக்கு ஆகாது. "இந்த வயசுல குதிச்சு என்ன, கப்பா வாங்கப்போற?" என்று எங்கள் முன்னாலேயே அக்காவைக் கேட்டவர். அரங்குக்கு எதிரிலேயே குடியிருந்தும் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர். ஆனால் நான் கேட்டதும் மறுபேச்சில்லாமல் அக்காவின் மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அவ எங்க நிப்பா?"

பின்மூலையைக் காட்டினேன்.

"கேம் முடிஞ்சா பக்கம் மாறணும்ல?"

"எங்ககிட்ட அதெல்லாம் கிடையாது அத்தான். அக்கா அந்த மூலையை விட்டுக்குடுக்கவே மாட்டா. ஜன்னல் காத்து வருதாம். நல்லா ஒரு அடி விழுந்தா போதும், மட்டையை ஜன்னல் பக்கம் தூக்கி ஆட்டுவா. யாருக்குக்கா காட்டுறேன்னு கேட்டா சிரிப்பா."

அவர் அந்த மூலையில் போய் நின்றார். ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னவோ ஏதோ என்று நானும் பக்கத்தில் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த மூலையில் நான் நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு பால்கனி தெரிந்தது. அதில் ஒரு நாற்காலி, அதன்மேல் மடித்துப் போட்ட பேப்பர்.

"ஞாயித்துக்கிழமை இந்நேரம் அங்கதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார். "ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தா போதும்மா. ஒரே ஒரு தடவை."

அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இப்போது எதையும் கேட்காமல் என் இடத்துக்குத் திரும்பினேன்.

டீச்சர் சர்வீஸ் போட்டாள். ஷட்டில் காக் அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் குனியவில்லை.

"வேணா அந்தப் பக்கம் மாறிக்கலாமா அத்தான்?"

"வேணாம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

யாரும் அதை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் மேனேஜர் கதவைத் திறந்து தலைகளை எண்ணினார். நான்கு சரியாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.