மூன்றும் ஒன்றுபோல் ஆடின

மோகன்குமார் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு, உள்ளங்கைகளை விரித்துக் காட்டியபடி நின்றார். நகக்கண்களில் மட்டும் கறுப்பு மிச்சமிருந்தது. இருபது வருட லேத் எண்ணெய். அது எந்தச் சோப்புக்கும் போகாது.

“பாரு அம்மணி. இப்பப் பேனாவக் குடு.”

“ஆகாதுங்க,” என்றாள் லோகப்பிரியா. “ரத்தம் படற சாமான் அது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு உறை மாட்டி வெச்சிருக்கறேன். உங்க எண்ணெய்க் கை பட்டா மறுபடி முதல்ல இருந்து துடைக்கோணும்.”

“கட்டிக்கும்போது இந்தக் கைதானே இருந்துச்சு?”

“அப்ப நான் பார்லர் வெக்கலீங்க.”

அன்று கணபதி பகுதியில் மாதாந்திர மின்தடை. அவருடைய பட்டறையில் இரண்டு லேத்தும் நின்றுபோயிருந்தன. அந்த ஒரு நாள்தான் காலை பத்து மணிக்கு அவரை வீட்டில் பார்க்க முடியும். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பார்லர். அம்மைத் தழும்பு, பருக்குழி உள்ளவர்களுக்கு அவள் மைக்ரோநீடிலிங் பேனாவால் சிகிச்சை செய்வாள். பேனா என்றால் கைப்பிடிக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு மோட்டார். அதன் முனையில், மயிரிழை ஊசிகள் அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகித் திருப்பினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் குப்பைக்கு.

புதிதாக வந்த பெட்டியில் அந்த ‘டக்’ வரவில்லை. மூன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். மூன்றும் பாதி திரும்பி நின்று, சொத்தைப் பல்லைப்போல் ஆடின. பழைய பெட்டியில் ஒன்றும் மீதமில்லை. பன்னிரண்டு மணிக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து பூஜிதா வருவாள். கல்யாணப் பெண். இது மூன்றாவது முறை.

“ஆழம் வெக்கற வளையத்த ஜீரோல வெச்சியா?”

“வெச்சேனுங்க. பேனாவ ஆஃப் பண்ணித்தான் மாட்டுனேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

பேனா கிடைக்காததால், வீணாய்ப்போன மூன்று கார்ட்ரிட்ஜையும் வாங்கிக்கொண்டு அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து நுட்பமாக அளக்கும் வெர்னியரை எடுத்தார். முதலாவதின் அடிப்பக்கத்தை அளந்து, பூட்டுத் திருகை இறுக்கினார். எந்த அளவையும் அப்படிப் பூட்டி எடுத்துப்போய்த்தான் லேத்தில் பார்ப்பார்; மனதில் வைத்திருந்தால் மாறிப்போகும் என்பார். பூட்டிய வாய்க்குள் இரண்டாவதை நுழைத்தார். போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

“மூணும் ஒரே அளவு. சாமானுல தப்பிருந்தா மூணும் மூணு மாதிரி ஆடோணும். ஒண்ணுபோல ஆடுதுன்னா பேனா ஓட்டையத்தான் பாக்கோணும். பேனாவக் குடு, டார்ச் அடிச்சு ஒரு நிமிசம் பாத்துப்போடறேன்.”

“பேனா என்ற கையிலயே ரெண்டு வருசமா இருக்குது. அதுக்கு ஒண்ணுமில்லீங்க. கடைக்காரப் புள்ள பொட்டியக் கொண்டாந்தா மாத்தித் தாரேன்னு சொல்லிப்போட்டா. போயிட்டு வாங்க.”

“சரிங்க மேடம்,” என்று எழுந்து, பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வெர்னியரைப் பிரிட்ஜின் மேல் வைத்தார். “வாரேன்.”

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

பூஜிதா முன்கூட்டியே வந்துவிட்டாள். முகம் மரத்துப்போக முக்கால் மணி நேரம் ஆகுமென்பதால் லோகப்பிரியா க்ரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் படுக்க வைத்தாள். பதினொன்றே முக்காலுக்கு மோகன்குமாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் இல்லை.

“அக்கா, கயல்விழி பேசறனுங்க, கடையிலிருந்து. அண்ணா ஸ்டூல்ல உக்காந்தாருங்க. எந்திரிக்க மாட்டேங்கறாருங்க.”

“பொட்டி மாத்தியாச்சுங்களா?” என்று கேட்டாள் லோகப்பிரியா.

அதைத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. எதுவும் உள்ளே போகவில்லை. ஆம்புலன்ஸ் என்ற சொல்லை யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள். பூஜிதாதான் எழுந்து, தன் முகத்துத் தாளைத் தானே உரித்து, க்ரீமை வழித்தெறிந்துவிட்டு, “வாங்கக்கா, நான் ஓட்டறேன்” என்று அவளை அவளுடைய ஸ்கூட்டரிலேயே ஏற்றினாள். மரத்த உதடுகளுக்குள் அவள் பேச்சு குழறியது. போகும் வழியெல்லாம் லோகப்பிரியா ஒரே எண்ணத்தில் இருந்தாள்: முக்கால் மணிக்கு மேல் அந்த க்ரீம் முகத்தில் இருக்கக் கூடாது.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். சட்டைக்குள் பெட்டி இல்லாததை அவள் கவனித்தாள். கைகளையும் பார்த்தாள். காலையில் கழுவியதுபோலவே சுத்தமாக இருந்தன.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் ஒன்றையே கேட்டார்கள். பட்டறைக்குப் போற ஆளு டவுனுக்கு எதுக்குங்க போனாரு? ஊசி மாத்தறதுக்குங்க, என்றாள். பேனா ஊசிங்க. ஒரு பெரியம்மா, “எழுதற பேனாவுக்கா கண்ணு?” என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லவும் செய்தாள். மோட்டார், முனை, எல்லாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாக இருப்பது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மாமியார் சென்னியம்மாள் தினமும் கேட்டார். “என்னத்துக்குக் கண்ணு போனான் எம் பையன்?” காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும்போது ஒரு தடவை. பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடி கேட்பார்.

காரியம் முடிந்த மறுநாள் கயல்விழி வந்தாள். கல்லூரி முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. கையில் அதே பெட்டி.

“மாத்தி எடுத்துட்டு வந்தியா?” என்றாள் லோகப்பிரியா.

“இல்லீங்க்கா. இது உங்க பொட்டியேதான். மாத்த வேண்டியதில்லீங்க.” அவள் உட்காராமலே சொன்னாள். “எங்க கடை பேனாவுல உங்க கார்ட்ரிட்ஜ் ஒண்ணப் போட்டுக் காமிச்சேன். டக்குனு உக்காந்துருச்சு. அண்ணா சிரிச்சுட்டாரு. ‘நான் சொன்னேன் பாருங்க, ஓட்டையிலதான் வில்லங்கம். என்ற ஊட்டுக்காரி ஒத்துக்க மாட்டா. இருங்க, போன்ல சொல்லிக் கொஞ்சம் வெறுப்பேத்தறேன்’னு செல்ல எடுத்தாருங்க்கா. எடுத்தபடியே உக்காந்தாரு.”

அந்தக் கைபேசியை லோகப்பிரியா ஏற்கெனவே பார்த்திருந்தாள். அன்று காலையில் அவளுக்கு அவர் அழைத்ததாக எதுவும் இல்லை. கயல்விழி அழைத்தது மட்டும் இருந்தது.

அந்தப் பெண் போனதும் பேனாவை உறையிலிருந்து எடுத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முனையின் குழிக்குள் பார்த்தாள். கார்ட்ரிட்ஜின் அடியில் இரண்டு சிறிய காதுகள் இருக்கும். குழிக்குள் அவை சறுக்கிப் பூட்ட இரண்டு காடிகள், மெல்லிய பள்ளங்கள். ஒரு காடி காலியாக இருந்தது. இன்னொன்றின் மூலையில் வெள்ளையாக என்னவோ. இடுக்கியால் தொட்டாள், வந்துவிட்டது. நொய்யரிசி அளவு பிளாஸ்டிக்.

அவர் இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை பழைய பெட்டியின் கடைசிக் கார்ட்ரிட்ஜைக் கழற்றும்போது இறுகியிருந்தது. அவசரத்தில் பல்லைக் கடித்துத் திருகினாள். மெல்லிய ஒரு முறியும் சத்தம் கேட்டதுகூட நினைவிருந்தது. திருப்பிப் பார்க்காமல் மஞ்சள் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகித் திருப்பினாள்.

டக்.

கழற்றி மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் அதே சத்தம். எத்தனை முறை மாட்டினாள் என்று தெரியாது. சமையலறையிலிருந்து சென்னியம்மாள் வந்து, “என்ன கண்ணு அங்க டொக்கு டொக்குனு?” என்று கேட்டபோதுதான் விட்டாள்.

“அத்தை, நீங்க கேப்பீங்கல்ல, என்னத்துக்குப் போனாருன்னு.”

“ஊசிக்குன்னயே.”

“ஊசி நல்லாத்தான் இருந்துச்சுங்க. பேனாவக் குடுன்னு கேட்டாரு. எண்ணெய்க் கைன்னு குடுக்கல. குடுத்திருந்தா ஒரே நிமிசத்துல எடுத்திருப்பாரு. போகவே வேண்டியதில்லீங்க.” விரல் நுனியில் அந்தத் துணுக்கை நீட்டினாள். “இதுதானுங்க உள்ள இருந்துச்சு.”

சென்னியம்மாள் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுவா?”

“இதுதானுங்க.”

“கண்ணுக்கே தெரியலியே கண்ணு,” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். லோகப்பிரியாவின் கையை அவர் பிடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போனார். அன்று விளக்கு வைக்கும்போது கேள்வி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பட்டறையை மோகன்குமாரின் அண்ணன், அவளுடைய மச்சாண்டார், வந்து பூட்டினார். பூஜிதாவுக்குக் கல்யாணம் நடந்தது; பந்தலில் அவள் முகத்தில் குழிகள் தெரிந்தன என்றும் அழகாக இருந்தாள் என்றும் சொன்னார்கள். பேனா விற்றுப்போயிற்று.

வெர்னியர் பிரிட்ஜின் மேல் இருக்கிறது. துடைக்கும்போது தூக்கித் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறாள். பூட்டுத் திருகை யாரும் தொடவில்லை. அவர் பூட்டிய அளவிலேயே நிற்கிறது: பதினைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர்.