எல்லாவற்றையும் மறந்துவிடும் பென் டிரைவ்

என் தம்பியை நாங்கள் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ஜென்மம். கணினி பழுது பார்ப்பது தொழில். தன் மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பான். என் செல்போனைப் பார்த்தாலே முகம் சுளிப்பான். "உன்னைப் பத்தி உன் புருஷனுக்குத் தெரிஞ்சதைவிட இதுக்கு அதிகம் தெரியும்க்கா" என்பான். என் புருஷனுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் பூட்டிடம் என் வீட்டுக்காரர் ஒருநாள் தானாகவே போய் நின்றார். அவருக்கு வேலை, ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் கம்பெனியின் ஆய்வகத்தில். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து எண்களை எழுத வேண்டும். சில மாதங்களாக நகரத்தின் வடக்குப் பக்கத்துக் குழாய்களில் ஈயம் அளவுக்கு மீறி வந்துகொண்டிருந்தது. இவர் எழுதிய எண் மாடியில் மேலாளருக்குப் போகும். மாடியிலிருந்து வேறு எண்ணாக அச்சாகி இறங்கும். அதற்கும் இவரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். ஒவ்வொரு முறையும் போட்டார். வீட்டுக்கு வந்து, குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு என்பார்.

"கொதிக்க வெச்சா ஈயம் போயிடுமா?" என்று கேட்டேன்.

"போகாது."

"அப்புறம் எதுக்கு?"

அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. மனசாட்சி உண்டு. அது பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பூட்டு அவரிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். நகத்தளவு இருந்தது. அதற்குள் ஒரு முழுக் கணினியே குடியிருக்கிறது என்றான். எந்தக் கணினியில் செருகி முடுக்கினாலும், அந்தக் கணினியைத் தூங்க விட்டுவிட்டு இது எழுந்து வேலை செய்யுமாம். இதிலிருந்து எதையாவது அனுப்பினால், பல கை மாறிப் போவதால் எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாதாம். அணைத்துவிட்டால், அதுவரை செய்த அத்தனையையும் அதுவே மறந்துவிடுமாம்.

"ஆபீஸ் இன்டர்நெட்ல அனுப்பாதீங்க மாமா. அங்கே ஃபைலை மட்டும் எடுங்க, வெளியே வந்து அனுப்புங்க. யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. வாய்க்குப் பூட்டு என்கிட்ட இல்லை."

"ஒரு காப்பி வெச்சுக்கலாமா மச்சான்?"

கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆய்வகத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம். எந்தத் தண்ணீர் வந்தாலும் இரண்டு பாட்டிலாகப் பிரித்து, ஒன்றைச் சோதிப்பார்கள், இன்னொன்றுக்கு முத்திரை வைத்து அலமாரியில் வைப்பார்கள். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டுவதற்கு. அது இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி, ரேஷன் அட்டை நகல் எல்லாமே எங்கள் வீட்டில் இரண்டு.

"கூடவே கூடாது. இருக்கறதுதான் மாமா சிக்கும். இல்லாதது எப்படிச் சிக்கும்?" என்றான் பூட்டு.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் நகல் வைக்காமல் ஒரு காரியம் செய்தார். ஆய்வகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கணினி. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பென் டிரைவைச் செருகி, அசல் எண்களும் மாடியிலிருந்து இறங்கிய எண்களும் இருந்த கோப்புகளை இன்னொரு சாதாரண பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக் கணினியிலும் பூட்டு கொடுத்ததையே செருகி ஒரு செய்தித்தாளுக்கு அனுப்பினார். பெயர் போடாமல் அனுப்புகிறவர்களுக்கென்று அவர்கள் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அனுப்பிய பிறகு, எடுத்து வந்த கோப்புகளைப் பூட்டு அழித்தான். அழித்தது போதாதென்று அந்தச் சாதாரண பென் டிரைவைச் சுத்தியலாலும் அடித்தான்.

செய்தி வந்தது. நான்கு நாள் நகரமே கொதித்தது. கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டி வந்து அந்தக் கணினியைக் குடைந்தது.

"குடையட்டும்க்கா! தலைகீழா நின்னாலும் மாமா பேரு வராது" என்று பூட்டு என் வீட்டு வரவேற்பறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான். அவன் சொன்னதுதான் நடந்தது. மாமா பெயர் வரவில்லை. புயலின் பெயர் வந்தது.

புயல் என்பது ஆய்வக உதவியாளர் ஒருத்தி. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. கல்யாணம் என்ற பேச்சையே விட்டுவிட்டவள். காலையில் மூச்சு வாங்க ஓடி வருவாள், சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் ஓடுவாள், அதனால் அந்தப் பெயர். முடிக்காத வேலையைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் முடிப்பாள். எல்லாருக்கும் தெரிந்துதான் செய்தாள். எந்தக் கோப்பை எப்போது திறந்தாள், எப்போது நகல் எடுத்தாள் என்று கணினி ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லாதவள், அதனால் எதையும் மறைக்கவில்லை. அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். தகவல் திருடினாள் என்று எழுதியே அனுப்பினார்கள். அதற்கப்புறம் எந்த ஆய்வகம் அவளை வாசற்படி ஏற விடும்?

அன்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "ஆதாரம் ஏதாவது எடுக்க முடியுமா மச்சான்? நான்தான் செஞ்சேன்னு காட்டணும்."

பூட்டு தலையைக் குனிந்துகொண்டான். "அப்படி எதுவும் இல்லாம இருக்கறதுதான் மாமா அதோட வேலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருடனை உள்ளே விடாத பூட்டைப் பாத்திருக்கேன். வீட்டுக்காரனையே உள்ளே விடாத பூட்டை இப்பத்தான்டா பாக்கறேன்" என்று வெளுத்து வாங்கினேன். பாவம், அவன் மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்யும் பொருளைத்தான் கொடுத்தான்.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் போன் போட்டார். எடுத்த நிருபர் பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். "அனுப்பினது யாருன்னு எங்களுக்கே தெரியாது சார். தெரியக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்கோம். நீங்க எவ்வளவு சரியாச் சொன்னாலும் ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம். உங்க கம்பெனியே ஆள் விட்டுக் கேக்கலாம் இல்லையா?"

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனார். நான்தான் என்றார். பூட்டு கொடுத்த பென் டிரைவைச் செருகி எப்படி எடுத்தேன் என்று செய்தும் காட்டினார். மேலாளர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு யார் வேணா எடுக்கலாம்னா, அந்தப் பொண்ணும் எடுக்கலாம்ல?" என்றாராம். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவ மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? வீட்ல தெரியுமா?" என்றும் கேட்டாராம்.

மேலாளர் நம்பாமல் இல்லை, நம்ப விரும்பவில்லை. உதவியாளர் ஒருத்தி கோபத்தில் ஜோடித்துக் கொடுத்தாள் என்றால் கதை அதோடு முடிந்தது. கையெழுத்துப் போட்டவனே கொடுத்தான் என்றால் கம்பெனியின் அத்தனை அறிக்கையும் பொய்யாகிவிடும். கம்பெனி முதல் கதையைத்தான் ஊருக்குச் சொன்னது. ஊரும் அடங்கியது. வடக்குப் பக்கத்துக் குழாயில் அதே தண்ணீர்தான் வந்தது.

"உங்க பேரைப் போட்டு, போட்டோவோட பேப்பர்ல சொல்லுங்க. அப்போ நம்பித்தானே ஆகணும்?" என்றேன்.

"சொன்னா முதல்ல உள்ளே போறது நான். ஒவ்வொரு பொய் அறிக்கையிலயும் என் கையெழுத்து இருக்கு."

"தெரிஞ்சுதானே போட்டீங்க?"

அவர் குழந்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புயல் வீட்டுக்குப் போனோம். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவள் முகத்துக்கு நேராகவாவது உண்மையைச் சொல்லட்டும், அவள் காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரே அறை. மூலையில் அம்மாவின் கட்டில், மருந்து வாடை, வெளியே இறக்கிக் கட்டிய கொடியில் போர்வைகள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள்.

"எனக்காக மேனேஜர்கிட்ட போய் நின்னீங்களாம்ணே. காதுல விழுந்துச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "மத்தவங்க போன் பண்ணாக்கூட எடுக்கல. நீங்க ஒருத்தர்தான்..."

"அது பொய் இல்லைம்மா. நெஜமாவே நான்தான் அனுப்பினேன்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது.

அவள் சிரித்தாள். தெரியாத்தனமாகப் பெரிய மனசு காட்டும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. "விடுங்கண்ணே, போதும். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்களா இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பற வரைக்கும் சும்மா இருந்திருப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணி, பொய் சொல்லக்கூட இவருக்குத் தெரியலை" என்று என் பக்கம் திரும்பினாள். பிறகு முகம் மாறியது. "அனுப்பினவன் எவனோ, நல்லதுக்குத்தான் அனுப்பியிருப்பான். ஆனா எங்கேயாவது எதிர்ல வந்தான்னா செருப்பாலயே அடிப்பேன்."

கட்டிலிலிருந்து அம்மா ஏதோ கேட்டாள். "ஆபீஸ்ல கூட வேலை பாத்தவரும்மா. எனக்காகப் பேசினாரே, அவரு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, புயல் டீயை ஆற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.