இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்குக் காதுகுத்து

எங்கள் களமருதூர் ஆகாஷுக்கு நான் மூன்று ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே போட்டோ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாருடைய பைக்கிலோ சாய்ந்து நிற்பான். முதல் ஃபிளெக்ஸில் பின்னால் விமானம் பறக்கும்: 'வெளிநாடு செல்லும் எங்கள் சிங்கமே, வென்று வா.' இரண்டாவதில் மேகம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு: 'கண்ணீர் அஞ்சலி.' மூன்றாவதில் பலூனும் கரடி பொம்மையும்: 'காதணி விழா.' எலவனாசூர்கோட்டையில் 'அறிவு ஃபிளெக்ஸ்' என்று என் பேரிலேயே கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ கிறுக்கு ஆர்டர்களைப் பார்த்தவன் நான். இந்த வரிசையில் மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஆகாஷை நல்ல பிள்ளை என்று சொன்னால் ஊரில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை கோயில் மைக்கைப் பிடித்து, பஞ்சாயத்துத் தலைவர் குரலிலேயே, "இலவச ஆடு வந்திருக்கிறது, அவரவர் கயிற்றோடு வரவும்" என்று அறிவித்து, ஊரையே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கயிறும் கையுமாக நிற்க வைத்தான். நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆகாஷ் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொளஞ்சியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்த்தாள். நிலம் கிடையாது. வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது என்றால், அது அவளுடைய ஒரே தம்பி தெய்வசிகாமணி கொண்டுவந்து இறக்குகிற அரிசி மூட்டையால்தான். பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான். வாத்தியார் வண்டியில் காற்றைப் பிடுங்கிவிட்டான் என்று வெளியே அனுப்பியபோது போய்க் கெஞ்சியதும் அவர்தான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் குடி, கொஞ்ச காலம் அடிதடி. ஒரு கொத்துவேலை கிடைத்தால் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு மதியமே திரும்பி வருவான்.

தெய்வசிகாமணி எதற்கும் 'ஆள் இருக்கு' என்று சொல்கிற மனிதர். ரேஷன் கார்டா, பட்டாவா, ஆள் இருக்கும். விழுப்புரத்திலும் ஒரு ஆள் இருந்தான். ரஷ்யாவில் சமையல் உதவியாளர் வேலை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உண்டு என்றான். ஆகாஷ் போனான். வேலை சமையல்கட்டில்தான். ஆனால் சமையல்கட்டு பட்டாளத்தினுடையது. கொஞ்ச நாள் முட்டைக்கோஸ் நறுக்கினான். ஒரு காலையில் கத்தியை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்து, உக்ரைன் பக்கம் கிளம்பிய வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதோடு போன் நின்றுவிட்டது.

அவனோடு இருந்த வடநாட்டுப் பையன் ஒருவன் தப்பித்து ஊர் திரும்பி, ஆகாஷ் போன வண்டி குண்டு விழுந்து எரிந்ததைக் கண்ணால் பார்த்ததாக டிவியில் சொன்னான். கொளஞ்சியம்மாள் நம்பவில்லை. ஒரு வருஷம் போனதும் சொந்தக்காரர்கள் அவளை நம்ப வைத்தார்கள். ஆவி அலையுமாம். கருமாதி செய்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் தெய்வசிகாமணி கோடித்துணி கொண்டுவந்து போட்டுவிட்டுத் தரையில் புரண்டு அழுதார். இப்படி ஒரு மாமன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டது.

கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் செத்தவன் போன் பண்ணினான். உக்ரைனில் ஜெயிலில் இருந்திருக்கிறான். கைதிகளை மாற்றிக்கொண்டபோது வெளியே விட்டிருக்கிறார்கள். அக்கினி வெயிலில், முழங்கால் வரை தொங்குகிற குளிர் கோட்டோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். கொளஞ்சியம்மாள் தெருவிலேயே கட்டிக்கொண்டு அழுத அழுகையில் நானும் அழுதேன். ஆனால் அவன் வீட்டுக்குள் காலை வைக்கப் போனபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கருமாதி பண்ணவன் வாசப்படிய மிதிக்கக் கூடாதுடா. உனுக்கு ஒண்ணு ஆயிடும். நான் ஒரு தடவ பட்டது போதும்."

பூசாரி மாயவனிடம் போனார்கள். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். செத்தவன் திரும்பி வந்தால் புதிதாகப் பிறந்தவன் கணக்கு. பிறந்த பிள்ளைக்கு என்னென்ன உண்டோ, மொட்டை, காதுகுத்து, பேர் வைப்பது, எல்லாம் செய்து, பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே அழைக்க வேண்டும். மொட்டையை ஜெயிலிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள், அந்தச் செலவு மிச்சம் என்றான் ஆகாஷ்.

அதுவரை என் கடையில் படுத்துக்கொண்டான். டீக்கடையில் தினம் ஒரு போர் நடத்தினான். ஒருநாள் உண்டிக்கோலால் டிரோனை அடித்து வீழ்த்தினான். மறுநாள் எதிரி ஜெனரலுக்குப் பரோட்டா போடக் கற்றுக்கொடுத்தான். அம்மா வாசலில் நின்று நீட்டுகிற தட்டை வாங்கிக்கொண்டு, "பச்சப் புள்ளைக்கு யாராவது கருவாட்டுக் கொழம்பு ஊத்துவாங்களா?" என்று கேட்பான். அவள் சிரிப்பாள். அவன் திரும்பியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மருமகன் திரும்பி வந்த செய்தி கேட்டும் தாய்மாமன் எட்டிப் பார்க்கவில்லை. அவர் மனைவி கோகிலவாணியைக் கேட்டால், கரியாலூர் மலையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறார், சீசன், வர முடியவில்லை என்றாள். கொளஞ்சியம்மாள் ஒருநாள் என் கடைக்கு வந்து, ஆகாஷ் எதிரிலேயே சொன்னாள்.

"எனுக்குப் பொறந்த வூடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான், அறிவு. ஆனா சண்டைக்கின்னு தெரிஞ்சே என் புள்ளைய அனுப்பியிருந்தான்னா, அவன் மூஞ்சியில நான் சாவற வரிக்கும் முழிக்க மாட்டேன்."

அவள் போன பிறகு ஆகாஷ் என் பைக் சாவியை எடுத்தான். "வாண்ணா, கரியாலூருக்கு. பஜ்ஜி துன்னலாம்."

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போதுதான் அவன் ஒழுங்காகப் பேசினான். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அவன் ஒருமுறைகூடச் சுடவில்லை. எரிந்த வண்டியிலிருந்து குதித்துப் பதுங்கிய பள்ளத்துக்குள் பக்கத்தில் இருந்த பையன் பாதி சாக்லேட்டைக் கொடுத்தான். மீதிப் பாதியை வாயில் போடுவதற்குள் அவன் செத்துப்போனான். இவன் டவுசரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு, பனியனைக் கழற்றி ஆட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஜெயில்ல நேபாளத்தான், சிலோன்காரன், எங்கெங்கியோ உள்ளவன்லாம் இருந்தாங்கண்ணா. உன்ன யாரு அனுப்பினதுன்னு கேட்டா ஒருத்தன் மச்சான்றான், ஒருத்தன் சித்தப்பான்றான். எதிரி அனுப்பி வந்தவன் ஒருத்தன்கூட இல்ல. எல்லாரும் ராத்திரி பகலா அதே பேச்சு. தெரிஞ்சி அனுப்பினானா, தெரியாம அனுப்பினானா. எனுக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். தெரியாம சுத்திக்கினே இருக்க முடியலண்ணா."

முட்டாள்தனமாக, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

அருவிக்குப் போகிற பாதையில் தெய்வசிகாமணியின் பஜ்ஜிக் கடை. தலையில் துண்டு கட்டிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார். ஜல்லிக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, சட்டை, வேட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் விடுவிடுவென்று நடந்து, குளிக்கிற கூட்டத்துக்குள் புகுந்து அருவிக்கு அடியில் நின்றுகொண்டார்.

ஆகாஷ் அவசரப்படவில்லை. கடைக்குள் போய் அடுப்பின் முன் உட்கார்ந்து மாவைக் கலக்கினான். பட்டாளத்துச் சமையல்கட்டில் பழகிய கை. சீவிய வாழைக்காய் காகிதம் மாதிரி வந்தது. "வாங்க வாங்க, இன்னிக்கு பஜ்ஜி ஃப்ரீ. எங்க மாமனுக்குப் பொறந்த நாளு" என்று குரல் கொடுத்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து வேனில் வந்திருந்த கும்பல் ஒன்று கடையை மொய்த்தது. சேலத்திலிருந்து வந்திருந்தவர்கள் சட்னியையும் விடவில்லை. தண்ணீருக்கு அடியில் தெய்வசிகாமணி உதடு நீலமாக, தன் கடை காலியாவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் வெளியே வந்தார். குளிர் தாங்காமலா பஜ்ஜி தாங்காமலா என்று தெரியாது.

"அடிக்கறதுன்னா இங்கியே அடிச்சிட்டுப் போயிடுடா" என்றார் நடுங்கிக்கொண்டே.

"பச்சப் புள்ள எப்டி மாமா அடிக்கும்? வெள்ளிக்கெழம எனுக்குக் காதுகுத்து. நீதான் மடியில வச்சிக்கணும். அப்பன் இல்லாத புள்ளைக்குப் பேரும் நீதான் சொல்லணும். நீ வரலன்னா அம்மா என்ன உள்ள வுடாது." காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டான். "பூசாரி சொன்னாரு, மடியில வச்சிக் காதுல சொல்றவன் பொய் சொல்லக் கூடாதாம். சொன்னா வெளக்கு அணைஞ்சிடுமாம்."

பூசாரி அப்படிச் சொன்னது உண்மைதான். அதற்கு முந்தின நாள் ஆகாஷ் அவருக்கு ஒரு பெட்டி வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்ததும் உண்மை.

வெள்ளிக்கிழமை கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலில் ஷாமியானா. மூன்றாவது ஃபிளெக்ஸ் முகப்பில். சனங்களைச் சொல்ல வேண்டுமா, கூத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது. ஒருத்தர் கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தார். பக்கத்துத் தெரு தனுஷா பேபி பவுடர் டப்பாவை மொய்த்தட்டில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினாள். தெய்வசிகாமணி சீர்த்தட்டோடு வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் அவரை 'வா' என்று மட்டும் கேட்டாள்.

ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆளே ஒல்லி. அந்த மடியில் ஆறடி மருமகன் ஏறி உட்கார்ந்ததும் மாமன் பாதிதான் வெளியே தெரிந்தார். நான் போட்டோ எடுக்கிறவன். ஒரு முழ தூரத்தில் மண்டி போட்டுக்கொண்டேன். ஆகாஷுக்குச் சின்ன வயதில் குத்தின ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும், குண்டு மழைக்குத் தப்பி வந்தவன் "ஐயோ அம்மா" என்று கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மூணு தரம் பேரச் சொல்லுங்க" என்றார் மாயவன்.

தெய்வசிகாமணி குனிந்து, குத்தின காதில் "ஆகாஷ்" என்றார். இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறைக்கு அவர் வாயைத் திறக்கும் முன் ஆகாஷ் தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசையக் கேட்டான்.

"தெரியுமா மாமா?"

மேளக்காரர்கூட அப்போது நிறுத்தித் தொலைத்திருந்தார். தெய்வசிகாமணி விளக்கைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவன் காதில் வாயை வைத்தார். எனக்குக் கேட்டது.

"பட்டாளம்னு தெரியும்டா. சமையக்கட்டோட போயிடும்னு நெனச்சிக்கினேன். உங்கிட்ட சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சீர்த்தட்டை எடுத்து அந்த மனிதர் தலையிலேயே அடிக்கலாம் போல இருந்தது. ஆகாஷ் அசையவில்லை. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. கண்ணிலிருந்தும் ஒரு சொட்டு இறங்கியது. "புள்ளைக்கு ஊசி வலிக்குதுடி" என்று யாரோ சொல்ல, பெண்கள் மறுபடி சிரித்தார்கள்.

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகன் எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் வாய் ரொம்ப நேரம் அசஞ்சிதே. இன்னா சொன்னான்? அவனுக்குத் தெரியுமா?"

ஆகாஷ் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் குறும்பு துளியும் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"தெரியாதாம்மா" என்றான். "சத்தியமா தெரியாதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

கொளஞ்சியம்மாள் உடைந்துபோனாள். தம்பியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாவி நான், உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. கூடப் பொறந்தவனயே நம்பாம போயிட்டேனே. என்ன மன்னிச்சிக்கடா தம்பி" என்று எல்லார் எதிரிலும் அழுதாள்.

தெய்வசிகாமணி கையை உருவிக்கொண்டார். "அக்கா, அது இல்லக்கா, நான் வந்து" என்று ஆரம்பித்தார்.

ஆகாஷ் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மடியிலிருந்து எழுந்தான்.

"கம்முனு இரு மாமா" என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் வூட்டுக்குள்ள போவணும்."

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான்.