சகலையின் பாட்டும் என் விசிலும்

லிஃப்டில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், நான் கதவைத் திறந்து கையை நீட்டியதும், “வேண்டாம், மறுபடியும் மூடுங்க” என்று கெஞ்சினார். காரணம், என் விசில்.

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். கதவு திறந்ததும் செருப்பை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் உண்டு. என்னை அடிக்கக் கை ஓங்கியவர்களை வரிசையில் நிறுத்தினால் அடுத்த ஊர் வரைக்கும் போகும். மூடச் சொன்னவர் ஒரே ஒருத்தர். அவர் என் சகலை.

சகலை இசையமைப்பாளர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எழுபது எண்பது பாட்டு போட்டிருப்பார், உருப்படியானது ஒன்றுதான். அந்த ஒன்று ஊரையே பேயாகப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அது, சலூனில் அது, பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முனகியதும் அது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி வாயில் பாட்டு என்று ஒன்று வந்ததே இல்லை. கடைசியில் ஒரு நாள் துணி காயப்போடும்போது வந்தது. அந்த ஆள் போட்ட பாட்டு. என் வயிறு எரிந்த எரிச்சலில், அடுப்பே இல்லாமல் ஒரு பட்டாளத்துக்குச் சமைத்திருக்கலாம்.

மாமனார் வேறு. சகலை உள்ளே நுழைந்தால் எழுந்து நின்று, “வாங்க மாப்பிள்ளை, ஒரு வரி பாடுங்க” என்பார். நான் நுழைந்தால், “வாங்க மாப்பிள்ளை, அந்த ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடுது” என்பார். சகலை உட்காருவது சோபாவில், நான் நிற்பது ஸ்டூல் மேல். ஸ்டூலிலிருந்து பார்த்தால் சகலையின் வழுக்கை பளிச்சென்று தெரியும். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடி ஏதாவது முனகுவார். “உங்க தொழில்ல ஏற்றம் இருக்கு, இறக்கம் இருக்கு, முன்னேற்றம்தான் இல்ல சகல” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தானே சிரிப்பார். “உங்க பாட்டா? முழுசாக் கேட்டதில்லையே. எங்கயோ குழாய் ஒழுகுற மாதிரி இருந்துச்சு” என்பேன் நான். பதினோரு வருஷம் இதையே சொன்னேன்.

பச்சைப் பொய். அந்தப் பாட்டு என் உயிர். இரண்டாவது வரியில் மெட்டு படிப்படியாக மேலே ஏறும். அங்கே ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகு சிலிர்க்கும். சிலிர்த்த கையோடு, இதை இந்த ஆளா போட்டார் என்று ஆத்திரமும் வரும்.

வீட்டில் அதைப் பாட முடியாது, தெருவில் முடியாது. என் தொழில் ஓர் இடம் கொடுத்தது. லிஃப்ட் ஏறி இறங்குவதற்காக, கட்டடத்துக்கு நடுவில் கிணறு மாதிரி ஷாஃப்ட் ஒன்று நிற்கும். மேலே மோட்டார் அறையில் ஒருத்தர், கீழே ஒருத்தர் என்று வேலை செய்வோம். அதற்குள் பேசினால் எதிரொலியில் குழம்பிவிடும் என்பதால் விசில்தான் எங்கள் பாஷை. ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் மேலே, மூன்று அடித்தால் கீழே. அதனால் ஷாஃப்டுக்குள் விசில் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூட்டாளி சாமான் எடுக்கப் போகிற நேரத்தில் அந்தப் பாட்டை முழுசாக விசிலடிப்பேன். ஒரு திருத்தத்தோடு. மெட்டு ஏறுகிற இடத்தில் நான் ஏறமாட்டேன்; ஒரு மூச்சு நின்று, சரேலென்று இறங்கிவிடுவேன். வெறும் பொறாமைதான். அந்த ஆள் ஏறச் சொன்ன இடத்தில் நான் எதற்கு ஏற வேண்டும்?

அன்று ஓர் எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. “உள்ள ஆள் இல்லீங்க, கத்திப் பாத்துட்டேன்” என்றார் காவலாளி. கூட்டாளி ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போனார். நான் லிஃப்டின் கூரைமேல் காலை நீட்டி உட்கார்ந்து விசிலடித்தேன். நாலு தடவை. அன்று அடித்த அடியில் கட்டடத்தின் அஸ்திவாரம் ஓர் அங்குலமாவது மேலே வந்திருக்கும்.

கூட்டாளி திரும்பி வந்து, மோட்டார் அறைக்கு ஏறி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்தார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே தரையில் சகலை. கழுத்தில் ஹெட்ஃபோன். எட்டாவது மாடி ரெக்கார்டிங்குக்குப் போகும் வழியில் தன் பாட்டையே தான் கேட்டு மயங்கிக்கொண்டிருந்திருக்கிறார். காவலாளி கத்தியது எப்படிக் காதில் விழும்? பேட்டரி தீர்ந்து அதைக் கழற்றினால், தலைக்கு மேலே அவர் பாட்டு.

பதினோரு வருஷ மானம் போச்சே என்று எனக்கு அந்த ஷாஃப்டிலேயே குதித்துவிடலாம் போல் இருந்தது.

“வேண்டாம் சகல, மறுபடியும் மூடுங்க” என்றார்.

“என்னது?”

“கதவ மூடிட்டு மேல போங்க. அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவ அடிங்க. அந்த எடம் எனக்குப் பதினோரு வருஷமா உறுத்துது. ஏத்தி ஏத்திப் பாத்தேன். எறக்கணும்னு தோணவே இல்ல. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

கண் சிவந்திருந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. ஸ்டூல் மேல் நின்று நான் அவரைப் பார்ப்பேனே, அதே பார்வை. அதைவிட இனிப்பான ஒன்றை இந்த ஜென்மத்தில் நான் சாப்பிட்டதில்லை.

மூடினேன். மேலே போய் மூன்று தடவை அந்த வரியை அடித்தேன். வெளியே வந்தவர் பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நான் கெஞ்சினத நீங்க சொல்லாதீங்க. நீங்க என் பாட்ட ரசிக்கிறத நான் சொல்லல.”

கை குலுக்கிக்கொண்டோம். ஒன்பது வருஷம் காப்பாற்றினோம்.

போன மாதம் கெட்டது. சகலை அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து, கொழுந்தியாளோடு எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். சாப்பாடு முடிந்து நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். இரண்டாவது வரி வந்தது. மெட்டு ஏறவில்லை. ஒரு மூச்சு நின்று இறங்கியது.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த எடத்துல எறக்கினீங்க பாருங்க தம்பி, அதெல்லாம் உங்களுக்குத்தான் வரும்.”

“எல்லாம் தானா வந்ததுக்கா” என்றார் சகலை, தலையைக் குனிந்துகொண்டு.

தானா வந்ததாம். ஒன்பது வருஷம் அடைத்து வைத்தது எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. “அது என்னோடது” என்றேன். லிஃப்ட், கூரை, அவர் கெஞ்சியது எல்லாவற்றையும் கொட்டினேன். அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். “அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். மொத நாள்லேருந்தே பிடிக்கும்.” ஆணியை விழுங்கின மாதிரி இருந்தது.

கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். “குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்களே அத்தான்.”

மனைவி சிரிக்கவில்லை. “ஏங்க, பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா? தக்காளி வாங்கப் போன எடத்துல கடைக்காரர் உங்க கால்ல விழுந்தார்னீங்க. சரின்னு விட்டேன். இது அடுத்தவங்க உழைப்பு.”

அவள் குரல் தாழ்ந்திருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. நடந்துச்சா?”

சகலை ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “லிஃப்ட்ல மாட்டினது உண்மைக்கா. மத்ததெல்லாம் ஞாபகம் இல்ல.”

“அப்போ அடிச்சுக் காட்டுங்க” என்றாள் என்னிடம். “முப்பத்தாறு வருஷத்துல நீங்க விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல.”

அடித்தேன். பல் செட் கட்டி இரண்டு மாதம்தான். காற்று பக்கவாட்டில் ஓடியது. முதல் வரி எப்படியோ தேறியது. இரண்டாவதில் மூச்சு நிற்காமல், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே தொபுக்கென்று விழுந்துவிட்டேன். கொழுந்தியாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சகலை முகத்தைச் சுளித்தார். ஒரு சுரம் பிசகினால் அவருக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“அவசரப்படுறீங்க சகல. அன்னைக்கு நின்னுட்டுதானே எறங்கினீங்க? மூணு தடவையும் அப்படித்தான் அடிச்சீங்க. கடைசித் தடவ மட்டும் கொஞ்சம்...”

தூக்கின கை அந்தரத்திலேயே இருந்தது.

“மூணு தடவையா?” என்றாள் என் மனைவி.

சகலை தம்ளருக்குள் பார்த்தார். அதில் தண்ணீர் இல்லை.

அவள் எழுந்து பாட்டுப் பெட்டியை அணைத்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “மெதுவா அடிங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல” என்றாள் என்னிடம்.

பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்து, “நடந்துதான் இருக்குடி” என்றாள்.